அலைத்துக்கொண்டார்

மச்சான்,

சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. உன் இரங்கல் பேனரைத்தான் என் ஆட்டோவுக்குப் போர்த்தி வைத்திருக்கிறேன். மழைக்காலம், பழைய தார்ப்பாய் கிழிந்துவிட்டது. உன் பேனர் கெட்டி ஃபிளெக்ஸ், சொட்டுத் தண்ணீர் இறங்காது. உன் முகம் உள்பக்கம் வருகிற மாதிரிதான் போர்த்துகிறேன், உன்னை நனைய விடவில்லை. இன்று காலையில் உருவி மடிக்கும்போது பெயின்ட் வாசனையும் ஈர வாசனையும் கலந்து அடித்தது. மடிப்பில் பாதி முகத்தோடு நீ என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாய். அதற்குக் கீழே நான் எழுதிக் கொடுத்த வரி: ‘கர்த்தர் அலைத்துக்கொண்டார்.’

ஐந்தாவதோடு நின்றவன் கையில் அந்த வேலையைக் கொடுத்தது உன் வீட்டார் தப்பு. ‘ழ’ போட வேண்டிய இடத்தில் சின்ன ‘ல’ போட்டுவிட்டேன். கூப்பிட்டுக்கொண்டார் என்று எழுதப் போய், அலைய விட்டார் என்று ஆகிவிட்டதாம். நம் செம்மண்டலம் ஏரியாவே நின்று படித்துவிட்டுப் போன பிறகு, பாஸ்டர்தான் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

“எழுத்துதாங்க தப்பு, பாஸ்டர். அர்த்தம் சரியாத்தான் இருக்குது” என்றேன்.

உனக்குப் பேச்சு திக்கும். கடையில் சோப்பு கேட்பதிலிருந்து சிதம்பரத்துக்குப் பெண் பார்க்கப் போனதுவரை உனக்காக நான்தான் வாயைத் திறந்தேன். பெண்ணின் அப்பா என்னைத்தான் மாப்பிள்ளை என்று நினைத்து முதல் காபியை என் கையில் கொடுத்தார். அன்றைக்குத் திரும்பி வரும்போது பஸ்ஸில் நீ எனக்கு ஆரோன் என்று பேர் வைத்தாய். நான் பாதிரிப்புலியூர் கோயிலில் தேர் இழுக்கிறவன். எனக்கு ஆரோனைத் தெரியுமா, மோசேயைத் தெரியுமா? யார்டா அவன் என்றேன். நீ கதையை ஆரம்பித்தாய். சிதம்பரத்தில் ஆரம்பித்தது கடலூர் வந்தும் முடியவில்லை.

மோசே மாமனாருடைய ஆடுகளை மேய்த்துக்கொண்டிருக்கிறான். ஒரு முட்செடி தீப்பிடித்து எரிகிறது, ஆனால் கருகவில்லை. உள்ளேயிருந்து கடவுள் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார். போய் உன் ஜனங்களை அடிமைத்தனத்திலிருந்து மீட்டு வா என்கிறார். இவன் நழுவப் பார்க்கிறான். நான் எம்மாத்திரம் என்கிறான், என்னை நம்ப மாட்டார்கள் என்கிறான். கையில் என்ன என்று கேட்டால் வெறும் கோல்தான் என்கிறான். எனக்கு வாய் திக்கும், வேறு ஆளை அனுப்பும் என்கிறான். கடவுளுக்கே கோபம் வந்து, உன் அண்ணன் ஆரோன் நன்றாகப் பேசுவான், அவன் உனக்கு வாயாக இருக்கட்டும் என்றுவிடுகிறார்.

“வீட்டோட மாப்பிள்ளைக்கு இவ்ளோ திமிரா?” என்று கேட்டேன். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். சிரிக்கும்போது மட்டும் உனக்குத் திக்காது.

ஒரே ஒரு தடவை சர்ச்சில் ஏறி நின்று இந்தக் கதையை நீயே சொல்ல வேண்டும், அவ்வளவுதான் உன் ஆசை. வந்த பாஸ்டரிடமெல்லாம் எழுதிக் காட்டினாய். “பாக்கலாம் பிரதர்” என்றார்கள். வருஷா வருஷம் அதே கதையை அவர்களே மணிமணியாகச் சொன்னார்கள், நீ பெஞ்சில் உட்கார்ந்து கேட்டாய். திக்குவாய்க்காரன் கதையைத் திக்காதவன்தான் சொல்ல வேண்டும் என்று சபையில் எழுதாத சட்டம். குடிகாட்டுக் கம்பெனியில் பாய்லர் பார்த்தாயே, அந்த நெருப்புக்கு முன்னால் எத்தனை வருஷம் நின்றிருப்பாய். அதிலிருந்து யாராவது உன்னை ஒரு தடவை கூப்பிட்டார்களா?

இப்போது இருக்கிற பாஸ்டர்தான் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை உனக்கென்று கொடுத்தார். அதற்கு முன்னாலேயே நாம் ஒரு ரகசியம் கண்டுபிடித்திருந்தோம். ஆட்டோ ஓடும்போது உனக்குத் திக்கவில்லை. பின்சீட்டுக்கு அடியிலேயே இஞ்சின், அந்தச் சத்தத்தில் உன் குரல் உனக்கே கேட்காது, அதனால் வார்த்தை தானாக வழுக்கிக்கொண்டு வரும். தினமும் வேலைக்குக் கொண்டுபோய் விடும்போது பின்சீட்டிலிருந்து முழுக் கதையையும் சொல்லுவாய். சிக்னலில் நான் சாவியைத் தொட்டால் போதும்.

“ம... மச்சான், இ... இஞ்சின ஆப் பண்ணாத.”

ஞாயிற்றுக்கிழமை சர்ச் ஜன்னலுக்கு அடியில் ஆட்டோவைக் கொண்டுவந்து ஓட விட்டுவைப்பதாகச் சொன்னேன். கேலிக்குச் சொன்னதுதான். நீ போய் பாஸ்டரிடம் அனுமதியே வாங்கிவிட்டாய்.

அதற்கு முந்தின வியாழக்கிழமை நீ சிதம்பரத்தில் மாமனார் வீட்டில் இருந்தாய். மோசேயும் அங்கேதான் இருந்தான் என்று இன்னும் சொல்லிக் கேலி செய்யலாம். உனக்கு நெஞ்சு வலிக்கிறது என்று உன் வீட்டுக்காரி போன் செய்ததும் ஆட்டோவை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். ஆஸ்பத்திரி வாசலில் ஒருவருக்குமேல் உள்ளே விட மாட்டார்களாம், அது அங்கே சட்டம். உன் வீட்டுக்காரி உள்ளே இருந்தாள். உன் வாய் வெளியே நின்றது.

அழுது முடித்து வந்து சொன்னாள். “ஏதோ சொல்ல வந்தாருண்ணே. ஆ... ஆ...ன்னு அந்த ஒரு எழுத்துதான் வந்துச்சு.”

ஆண்டவரே என்றுதான் கூப்பிட்டிருப்பார், அழைப்புக்குப் பதில் கொடுத்திருக்கிறார் என்று அடக்கத்தில் பாஸ்டர் பேசினார். எல்லோரும் கண்ணைத் துடைத்தார்கள். எனக்கு அது இறங்கவில்லை. ஆரோனுக்கும் ‘ஆ’தான். ஆட்டோவுக்கும் ‘ஆ’தான். பக்கத்தில் ஒரு இஞ்சின் ஓடியிருந்தால் மிச்சத்தையும் சொல்லியிருப்பாய்.

உன் கர்த்தரிடம் எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. வேண்டாம் வேண்டாம் என்று நழுவினவனை விடாமல் வேலைக்குக் கூப்பிடத் தெரிந்தது. நான் வருகிறேன் என்று கை தூக்கிக்கொண்டு நின்றவனை மட்டும் எதற்கு அலைய விட்டார்? கடைசியில் கூப்பிட்டதும் வேலைக்கு இல்லை. மோசே அத்தனை சாக்கு சொன்னானே, நீ ஒன்றாவது சொல்லியிருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை எனக்கு வேலை இருக்கிறது என்று சொல்லியிருந்தாலே போதும், அது பொய்கூட இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் சொன்னபடி ஆட்டோவை ஜன்னலுக்கு அடியில் கொண்டுபோய் ஓட விட்டேன். உள்ளே பாஸ்டர் உன் கதையைத் தானே சொல்ல ஆரம்பித்தார். கொஞ்ச நேரத்தில் ஆள் அனுப்பினார். சத்தமாக இருக்கிறதாம், அணைக்கச் சொன்னார். அணைத்தேன்.

இப்போது வண்டி ஓட்டும்போது நான் சொல்லுகிறேன். யார் ஏறினாலும் சரி. நீ முதல் தடவை பஸ்ஸில் சொன்ன மாதிரியே, திக்கி நின்ற இடங்கள் உட்பட. போன வாரம் பஸ் ஸ்டாண்டில் ஒரு பெரியவர் குடிகாட்டுக்கு என்று ஏறினார். ஆடு மேய்த்ததிலிருந்து ஆரம்பித்தேன். வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. நான் இஞ்சினையும் நிறுத்தவில்லை, கதையையும் நிறுத்தவில்லை. குடிகாட்டுக்குள் நுழையும்போது, ஆரோன் வரும் இடத்தில், அவர் முகத்தைப் பார்க்கலாமென்று திரும்பினேன். சீட்டில் ஆள் இல்லை. கேட்டிலேயே இறங்கிவிட்டிருக்கிறார்.

அவர் குடை மட்டும் இருந்தது. கையில் என்ன என்று உன் கர்த்தர் என்னைக் கேட்டால் இதைத்தான் காட்ட வேண்டும். விரித்துப் பார்த்தேன். ஒரு கம்பி உடைந்திருக்கிறது.