நாற்பது கண்ணாடித் தட்டுகள்

பிப்ரவரி 4, செவ்வாய்

மனிதன் நிலாவில் கால் வைத்த வருஷம். எங்கள் தெருவுக்கு மின்சாரம் வந்ததும், மூத்தவன் பிறந்ததும் அதே வருஷம்தான். அந்த வருஷம் எடுத்த போட்டோ ஒன்றைப் பல்கலைக்கழகத்திலிருந்து அனுப்பியிருக்கிறார்கள். உயிரியல் துறையின் பழைய கட்டடத்தை இடிக்கப் போகிறார்களாம். மார்ச் முதல் தேதி ஒரு கூட்டம். போட்டோவில் இருப்பவர்கள் யார் யாரென்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. ‘நீங்கதான் வந்து சொல்லணும்’ என்று கேட்டிருக்கிறார்கள்.

எனக்கு எழுதப் படிக்க வராது. நான் சொல்ல மருமகள் எழுதுகிறாள். “மாமா, கொஞ்சம் மூச்சு விட்டுச் சொல்லுங்க, என் கை என்ன மெஷினா?” என்கிறாள். இதையும் எழுதும்மா.

பிப்ரவரி 5, புதன்

போட்டோவைப் பார்த்ததும் அகர் காய்ச்சும் வாசனை மூக்கில் ஏறிவிட்டது. கடல்பாசியில் செய்த கஞ்சி மாதிரி இருக்கும். அதைத்தான் கண்ணாடித் தட்டில் ஊற்றி ஆறவைத்து, அதன்மேல் கிருமி வளர்ப்பார்கள். அந்தத் தட்டுகளைக் கழுவுவதும், முயல்களுக்குத் தீனி போடுவதும் என் வேலை.

வகுப்பில் மூன்றே பேர். நெட்டையனுக்கு ஒட்டகம் என்று பேர். தடித்த கண்ணாடிக்காரன் சோடாபுட்டி. பேசினால் பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காத பெண் குருவி. பட்டம் வைத்தது எல்லாம் ஒட்டகம்தான். என்னை மட்டும் அண்ணே என்பான். “அண்ணே, இந்த முயல் என்னைவிட நல்லாச் சாப்பிடுது. அடுத்த ஜென்மத்துல உங்க கையாலதான் எனக்குச் சாப்பாடு.”

மைக்ராஸ்கோப்பில் ஒருநாள் குருவி எனக்குக் குட்டைத் தண்ணீரைக் காட்டினாள். ஒரு சொட்டுக்குள் ஒரு சந்தைக் கூட்டம். அன்றைக்கு மத்தியானம் தண்ணீர் குடிக்கவே யோசனையாக இருந்தது.

பிப்ரவரி 7, வெள்ளி

மருமகள் போன் போட்டு விசாரித்தாள். அந்த மூவருக்கும் பாடம் எடுத்த பேராசிரியர் காலமாகி முப்பது வருஷம் ஆகிறது. சோடாபுட்டி போன மழைக்காலத்தில் போய்விட்டான்.

பிப்ரவரி 10, திங்கள்

ஒட்டகமும் இல்லை. வெளிநாட்டிலேயே காலமாகிவிட்டானாம். அடுத்த ஜென்மம் பற்றி அவ்வளவு பேசினவன்.

பிப்ரவரி 11, செவ்வாய்

இன்று எழுத வேண்டாம் என்றேன்.

பிப்ரவரி 13, வியாழன்

சொல்லிவிடுகிறேன். முதலில் மருமகள் காதில் விழ வேண்டும் என்பதால்தான் இரண்டு நாளாகத் தயங்கினேன்.

எனக்குப் படிக்க வராது என்பது பேராசிரியருக்கு மட்டும் தெரியும். பிள்ளைகளிடம் சொல்லாதீங்க சார் என்று கேட்டுக்கொண்டேன். மத்தியானத்தில் பேப்பரை விரித்துப் பிடித்து உட்கார்ந்திருப்பேன். பேராசிரியர் எனக்காக ஒரு வழி வைத்திருந்தார். வேண்டாத தட்டுகளின் மூடியில் மெழுகுப் பென்சிலால் சிவப்பாக ஒரு கோடு இழுத்துவிடுவார். சிவப்பு தெரிந்தால் ஆட்டோக்ளேவ் என்ற பெரிய நீராவிக் குக்கரில் போட்டு வேகவைத்துக் கழுவிவிடுவேன். ஏன் என்று பிள்ளைகளுக்குத் தெரியாது.

குருவி மண்ணிலிருந்து ஒரு பூஞ்சையைப் பிடித்து வளர்த்தாள். நாலு மாதம். நாற்பது தட்டு. பூஞ்சையைச் சுற்றிக் கிருமி வராது. நிலாவைச் சுற்றி இருக்குமே, அதுபோல ஒரு வட்டம் தெளிவாக இருக்கும். வெளிநாட்டில் படிக்க ஒரே இடம். அது அவளுக்கு என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள்.

பேராசிரியர் ஊருக்குப் போயிருந்த வாரம், யாராவது கை வைத்துவிடப் போகிறார்கள் என்று பயந்து, நாற்பது மூடியிலும் எழுதி வைத்தாள். கண்ணில் படட்டும் என்று சிவப்பில்.

நாற்பதையும் வேகவைத்துவிட்டேன்.

கழுவும்போது பார்த்தால், வேகவைக்கும் முன்பே விழுந்து உடைந்த மூடி ஒன்று தரையில் கிடந்தது. கோடு இல்லை, எழுத்து. கேன்டீன்காரரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். “தயவுசெய்து தொட வேண்டாம்னு போட்டிருக்கு. ஏன், உனக்குத் தெரியலையா?” “கண்ணாடி கொண்டுவரல” என்றேன்.

பிப்ரவரி 14, வெள்ளி

நேற்று பாதியில் நின்றுவிட்டது. மருமகள்தான் “மீதியைச் சொல்லுங்க மாமா” என்றாள்.

பேராசிரியர் திரும்பி வந்து எல்லாரையும் நிற்கவைத்துக் கேட்டார். நான் சொன்னேன்: “கழிவுக் கூடையில இருந்துச்சு சார். அதான் வேகவெச்சேன்.”

பொய். அலமாரியில், மேல் தட்டில், அழகாக அடுக்கியிருந்தாள்.

குருவி என்னைப் பார்த்தாள். சந்தேகமே படவில்லை. “நானா அங்க வெச்சேன்?” என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். பேராசிரியர் திட்டினதை என்னால் திரும்பச் சொல்ல முடியாது. அந்த இடம் ஒட்டகத்துக்குப் போனது.

ஒரு வார்த்தை. எனக்குப் படிக்கத் தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்? வேலையா போயிருக்கும்? போயிருக்காது. வெட்கம்தான்.

பிப்ரவரி 19, புதன்

குருவியின் நம்பர் கிடைத்தது. இருக்கிறாள். ஆஸ்பத்திரியில் ரத்தம் சோதிக்கும் இடத்தில் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள்.

“அண்ணே! முயலெல்லாம் சௌக்கியமா?” என்று சிரித்தாள். இப்போது கணீரென்ற குரல்.

சொன்னேன். முழுதும் சொன்னேன்.

அப்புறம்:

“ஒவ்வொரு ட்யூபையும் மூணு தடவை பார்ப்பேன். கூட வேலை செஞ்சவங்க சிரிப்பாங்க. நாற்பது தட்டையும் நானே குப்பையில வெச்சுட்டேன்னுதானே நெனச்சேன்? ஐம்பத்தாறு வருஷம் என்னை நானே நம்பலையே!”

“மன்னிச்சிடும்மா.”

“எங்கிட்ட மட்டும் ரகசியமாச் சொன்னா ஆச்சா? அன்னிக்கு எல்லாரும் இருக்கும்போதுதானே சொன்னீங்க?”

வைத்துவிட்டாள். எல்லாரும் எங்கே இருக்கிறார்கள்?

பிப்ரவரி 20, வியாழன்

சாப்பிடப் பிடிக்கவில்லை. “கூட்டத்துக்குப் போகாதீங்க மாமா, இந்த வயசுல எதுக்கு இது?” என்றான் ஊரிலிருந்து வந்திருந்த மாப்பிள்ளை, என் மகளின் புருஷன். மருமகள் அவனை முறைத்தாள்.

மார்ச் 1, சனி

போனேன். அதே வராந்தா. முயல் கூண்டுகள் இருந்த இடத்தில் சைக்கிள்கள். முன்னால் உட்கார்ந்திருந்ததெல்லாம் பேரப்பிள்ளை வயது. போட்டோவைச் சுவர் அகலத்துக்குப் பெரிதாக்கி மாட்டியிருந்தார்கள்.

மைக்கைக் கொடுத்தார்கள். முதலில் எனக்குப் படிக்க வராது என்றேன். தட்டுகளின் கதையைச் சொன்னேன். கழிவுக் கூடையில் எதுவும் இல்லை, அலமாரியில் இருந்தது, நான் பொய் சொன்னேன் என்று சத்தமாகச் சொன்னேன். மூன்றாம் வரிசையில் கைத்தடியோடு ஒரு அம்மா, தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

பிறகு ஒவ்வொருவராகக் கை காட்டினேன். நடுவில் உட்கார்ந்திருப்பவர் பேராசிரியர், இப்போது இல்லை. பின்னால் நெட்டையாக நிற்பவன் ஒட்டகம், இல்லை. பக்கத்தில் சோடாபுட்டி, அவனும் இல்லை. ஓரத்தில் துடைப்பத்தோடு இருப்பது நான்.

இந்தப் பக்கம், எல்லாரையும்விடக் குள்ளமாக, சிரிக்கலாமா வேண்டாமா என்று நிற்கிறாளே, அவள் குருவி. அவள் இருக்கிறாள்.