எங்கள் தெருவில் யாரும் இல்லை

மார்ச் 4, செவ்வாய்

இன்றைக்கும் என் குரல் யாருக்கும் கேட்கவில்லை. "முப்பத்தேழு" என்று கூப்பிட்டேன். முப்பத்தேழாம் எண் சீட்டு வைத்திருந்த பெரியவர் எனக்கு நேர் எதிரில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணில் சொட்டு மருந்து விட்டிருந்தார்கள், சரி. காதுக்கு என்ன? டாக்டர் உள்ளேயிருந்து, "வரவேற்புல ஆள் இருக்கா இல்லையா?" என்று கத்தினார். அது மட்டும் கண் மருத்துவமனை முழுக்கக் கேட்டது.

சாயங்காலம் தெருமுனையில் விசில் அக்கா பிடித்துக்கொண்டாள். பஸ் கண்டக்டர். வேலை முடிந்தாலும் கழுத்திலிருந்து விசிலைக் கழற்ற மாட்டாள். "ஏய் டிகிரி, நில்லு. உங்கம்மா பேரு போச்சு, தெரியுமா?"

வார்டு அலுவலகத்தில் புது வாக்காளர் பட்டியல் ஒட்டியிருக்கிறார்களாம். எங்கள் தெருவில் பாதிப் பெயர் காணோம். அக்கா பெயர் இல்லை, அம்மா பெயர் இல்லை. என் பெயர் மட்டும் பத்திரமாக இருக்கிறது. அது கல்லூரி மூலமாகச் சேர்த்த பெயர், தெருக் கணக்கில் வராது.

ஏப்ரல் ஆறாம் தேதி நகரமன்றத் தேர்தல். அன்றைக்குக் கூடவே இன்னொரு சீட்டும் தருவார்கள்: நின்றபடி வேலை செய்பவர்களுக்கு முதலாளி உட்கார இருக்கை தர வேண்டும் என்று விதி கொண்டுவரலாமா? ஆம், இல்லை. அக்காவும் இன்னும் சில பெண்களும் இரண்டு வருடம் வீடு வீடாகக் கையெழுத்து வாங்கித்தான் அந்தச் சீட்டு வந்திருக்கிறது. அம்மா சலவை ஆலையில் இஸ்திரிப் பிரிவு. நான் பிறப்பதற்கு முன்பிருந்தே நிற்கிற கால். முழங்காலுக்குக் கீழே நரம்பு கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டு நிற்கும். அந்தச் சீட்டில் 'ஆம்' போடத்தான் நாளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

"நீதான் போய்க் கேக்கணும். படிச்ச பொண்ணு" என்றாள் அக்கா.

டிகிரி கொடுக்கும்போது வாயும் சேர்த்துக் கொடுக்கிறார்கள் என்று இவர்களுக்கு யார் சொன்னது?

மார்ச் 6, வியாழன்

மதிய இடைவேளையில் வார்டு அலுவலகம் போனேன். அவர்களுக்கும் மதிய இடைவேளை.

மார்ச் 7, வெள்ளி

அரை நாள் விடுப்பு. ஜன்னலுக்குப் பின்னால் ஓர் எழுத்தர், மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு அதையே மேஜையில் தேடிக்கொண்டிருந்தார். நெற்றியில் இருக்கிறது என்று சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்ததிலேயே என் தைரியம் பாதி செலவாகிவிட்டது.

"எங்க தெருவுல நிறையப் பேரோட பேரு..."

"சத்தமாச் சொல்லும்மா."

மூன்று தடவை சொன்னேன். கடைசியில் எனக்குப் பின்னால் நின்றவர் எனக்காகச் சொன்னார்.

"ஜனவரியில எங்க ஆள் நேர்ல வந்து விசாரிச்சிருக்காரு. இல்லைன்னு சொல்லியிருக்காங்க."

"யாரு சொன்னாங்க?"

"உங்க தெரு ஆளுங்கதான். நாங்களாவா அடிப்போம்?"

பெயர் திரும்ப வேண்டுமானால் ஒவ்வொருவரும் நேரில் வர வேண்டும். இருபத்தொன்றாம் தேதி கடைசி. வேலை நாளில், பத்திலிருந்து மூன்றுக்குள். கூடவே ஏழெட்டு ஆவணம்.

"எல்லாரும் வேலைக்குப் போறவங்க சார். ஒரு ஞாயித்துக்கிழமை மட்டும்..."

"விதியில இல்ல."

சரி சார் என்று வந்துவிட்டேன். 'சரி சார்'! எது சரி? பஸ் நிறுத்தத்தில் நின்றபோதுதான் கேட்க வேண்டியதெல்லாம் ஒவ்வொன்றாகத் தோன்றியது. மனசுக்குள் அரை மணி நேரம் அபாரமாகப் பேசினேன். எழுத்தர் மன்னிப்பே கேட்டுவிட்டார்.

மார்ச் 9, ஞாயிறு

அக்காவோடு வீடு வீடாகப் போனேன். கதவைத் தட்டுவது அவள், தாளை நீட்டுவது நான்.

எதிர்வீட்டுத் தையல்காரர் மாமாவின் பெயருக்கு நேரே 'இறந்தவர்' என்று போட்டிருக்கிறது. மாமாவுக்கு ஒரே குஷி. "உள்ள வாம்மா. பேய் வீட்டுல டீ குடிப்பியா?" என்றார். அத்தை அடுப்படியிலிருந்து, "உயிரோட இருந்தே ஒரு ஜாக்கெட்டை நேரத்துக்குக் குடுத்ததில்ல. இனிமே யாரும் கேக்கவே முடியாது" என்றாள்.

மற்ற வீடுகளில் சிரிப்பு இல்லை. "இதுக்காக ஒரு நாள் லீவா?" "ஓட்டுப் போட்டு என்னத்தைக் கண்டோம்?" எல்லோரும் கேட்ட இன்னொரு கேள்வி: நம்ம தெருவுல எவன் அப்படிச் சொன்னது? ஆளாளுக்கு ஒருவரைச் சந்தேகப்படுகிறார்கள். பெயரைத் திரும்ப வாங்க வர மாட்டார்கள். சொன்னவரைக் கண்டுபிடித்து உதைக்க மட்டும் லீவு போடுவார்கள்.

அம்மா இன்று முழுக்கப் பேசவில்லை. கால் வலி என்றாள்.

மார்ச் 11, செவ்வாய்

அம்மாதான்.

வேலையிலிருந்து வந்து பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்றாள். "அந்த ஆள் பைலோட வந்தாருல்ல ஜனவரியில, நான்தான்டி பேசினேன்" என்றாள்.

எங்கள் தெருப் பழக்கம் ஒன்று உண்டு. பைலோடு யாராவது வந்து, இன்னார் இருக்காங்களா என்று கேட்டால் 'இல்ல' என்றுதான் சொல்ல வேண்டும். இங்கே முக்கால்வாசிப் பெண்களுக்குச் சலவை ஆலையில்தான் வேலை. உடம்பு சரியில்லை என்று படுத்தால் ஆலையிலிருந்து ஆள் வரும். எழுந்து உட்கார்ந்திருந்தால் போதும், "நல்லாத்தானே இருக்கே, வா" என்று கூட்டிக்கொண்டு போய்விடும். அதனால் யார் வீட்டில் இருக்கிறாரோ அவர் மற்றவர்களுக்காகச் சொல்வார்: இல்லப்பா, ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கா. எனக்குப் பேச்சு வந்த புதிதில் கற்றுக்கொடுத்த பொய் அது. பள்ளிக்கூடத்தில் வாயே திறக்காத நான் அதை மட்டும் தெளிவாகச் சொல்வேனாம்.

ஜனவரியில் அம்மா கால் வீங்கி நான்கு நாள் விடுப்பில் இருந்தாள். பகலில் தெருவில் அவள் மட்டும்தான். வந்தவர் படியில் உட்கார்ந்து வரிசையாகப் பெயர் படித்திருக்கிறார். இருக்காங்களா? இல்ல. இருக்காங்களா? இல்ல.

"தையல்காரர் மாமா?"

"மெஷின் சத்தமே கேக்கல. அவர் இல்லப்பான்னேன். கொஞ்சம் மெல்லச் சொல்லிட்டேன் போல."

"உன் பேரு?"

"கடைசியாப் படிச்சாரு. அவளும் இல்லன்னுட்டேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா சிரிக்கவில்லை. உடனே கோபம் வந்தது. "நீங்க யாரு, எதுக்குக் கேக்கறீங்கன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதாம்மா?" என்றேன். என்னைப் பார்த்தாள். "நீ கேப்பியா?"

பாத்திரத்தைக் கழுவி முடித்தேன்.

மார்ச் 13, வியாழன்

விசில் அக்காவிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாதோ? அவள் பஸ் வார்டு அலுவலகம் வழியாகத்தான் போகும். இன்று அங்கேயே விசிலடித்து நிறுத்திவிட்டு, பயணிகள் பார்த்துக்கொண்டிருக்க, உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்தாளாம். 'இல்லை' என்று சொன்னவரே வந்து, தப்பாகச் சொல்லிவிட்டேன், இவர்கள் இங்கேதான் இருக்கிறார்கள் என்று சாட்சி சொன்னால் ஆவணம் எதுவும் வேண்டாம். ஆள் நேரில் வந்து ஒரு கையெழுத்துப் போட்டால் போதும். இரண்டு நிமிட வேலை.

அம்மா முடியாது என்றாள். தெருக்காரர்கள் அடிப்பார்கள் என்ற பயம் இல்லை. "ஆலைக்காரனுக்குத் தெரிஞ்சிடும்டி. நாங்க 'இல்ல'ன்னு சொல்றது பொய்னு ஊரறிய எழுதிக் குடுத்தேன்னா, நாளைக்கு ஒருத்தி நெசமாவே படுத்தாலும் கதவைத் திறந்து பார்ப்பான்."

அவள் சொல்வதும் நியாயம்தான். அதுதான் எரிச்சல். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு நியாயம் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

மார்ச் 16, ஞாயிறு

"ரெண்டு வருஷம் நடந்து வாங்கின சீட்டு, என் வாயால போகக் கூடாது" என்று அம்மாவே தெருவைக் கூட்டிச் சொல்லிவிட்டாள், சாட்சிக்கும் வருகிறேன் என்று. நான் பக்கத்தில் நின்றேன், அவ்வளவுதான்.

"ஒரு வாயால தெருவையே காலி பண்ணிட்டியே அக்கா" என்றாள் மாடி வீட்டுக்காரி. அவளும் இஸ்திரிப் பிரிவுதான். அவளுக்காக அம்மா எத்தனை தடவை 'இல்ல' சொல்லியிருப்பாள்! எனக்கு வாய் வரை வந்தது. வாயோடு நின்றுவிட்டது. தையல்காரர் மாமாதான், "விடுங்கப்பா. செத்தவனே கோவப்படல, நீங்க ஏன் குதிக்கறீங்க?" என்றார்.

வெள்ளிக்கிழமை எல்லோரும் வருவதாகப் பேச்சு. ஆலையில் இரண்டு மணி நேரம் அனுமதி கேட்கப் போகிறார்கள்.

மார்ச் 19, புதன்

அக்காவுக்கு வெள்ளிக்கிழமை இரட்டை ஷிப்ட் போட்டுவிட்டார்கள். வேண்டுமென்றே போட்டார்களா? நான்தான் எல்லோரையும் கூட்டிப்போக வேண்டும்.

மார்ச் 21, வெள்ளி

இன்றைக்கே எழுதிவிடுகிறேன்.

காலையில் எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. எதிர்பார்த்ததை விட அதிகம் பேர் வந்திருந்தார்கள். அக்கா பஸ்ஸை வாசலில் நிறுத்தி, டிரைவர் ஹாரன் அடிக்க அடிக்க ஓடிவந்து முதல் கையெழுத்தைப் போட்டுவிட்டு ஓடினாள். அம்மா மேஜை ஓரமாக நின்றாள். எழுத்தர் ஒவ்வொருவராகக் காட்டிக் கேட்டார். "இவங்க?" "இருக்காங்க. பக்கத்து வீடு." "இவங்க?" "இருக்காங்க." தையல்காரர் மாமா முறை வந்தபோது, "உயிரோட இருக்காரா?" என்று எழுத்தரே சிரித்துவிட்டார். "என் பொண்டாட்டியைக் கேளுங்க சார், அவ சொன்னாத்தான் உறுதி" என்றார் மாமா. கையெழுத்துப் போட்டவர் போட்டவர் வேலைக்கு ஓடினார்கள். அனுமதி இரண்டு மணி நேரம்தானே.

கடைசியில் அம்மா. ஒரு மணி ஆகப்போகிறது.

"உங்களுக்கு யாரு சாட்சி?"

நான் என்றேன். ஒரே வீட்டு ஆள் செல்லாதாம். அதே தெருவில் வேறு வீட்டிலிருந்து ஒருவர் வேண்டும். திரும்பிப் பார்த்தேன். கூடம் காலி.

ஓடினேன். மாமா கடை பூட்டியிருந்தது. நூல் வாங்கக் கடைவீதிக்குப் போயிருக்கிறார்கள், இரண்டு பேருமே. தெருவில் ஒரு கதவு திறக்கவில்லை. ஆலைக்கு ஓடினேன். காவலாளி, "ஷிப்ட் முடிஞ்சு வாம்மா" என்றான். கேட்டைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். நானா கத்தினேன்! மாடி வீட்டுக்காரியைக் கூப்பிட்டேன், யார் யாரையோ கூப்பிட்டேன். உள்ளே மெஷின் ஓடுகிற சத்தம். யாருக்குக் கேக்கும்? அக்கா பஸ் ஊருக்கு அந்தக் கோடியில்.

திரும்பி வந்தபோது மணி மூன்று, எழுத்தர் ஜன்னலைச் சாத்திக்கொண்டிருந்தார். "அடுத்த திருத்தத்துல பாத்துக்கலாம்மா. ஜூன்ல ஆரம்பிப்பாங்க."

காலையிலேர்ந்து நின்னு, இருக்காங்க இருக்காங்கன்னு அத்தனை பேருக்கும் சொன்னாளே. அவ இருக்கான்னு சொல்ல ஒருத்தர்கூடவா இல்ல? ஒரே ஒருத்தர்?

அம்மா, "விடுடி, வா" என்றாள். வரும் வழியில், "தையல்காரர் பேரு வந்துடுச்சுல்ல?" என்று கேட்டாள்.

மார்ச் 22, சனி

தெருவே வருத்தப்படுகிறது. மாடி வீட்டுக்காரி அழுதுவிட்டாள். இன்னும் பத்து நிமிஷம் நின்றிருப்பேனே, தெரியாமப் போச்சே என்கிறாள். எனக்கும்தானே தெரியவில்லை. முதலில் அம்மா பெயரை முடித்துவிட்டு மற்றவர்களைப் பார்த்திருக்கலாம். எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்தது நான்தான். படிச்ச பொண்ணு!

மார்ச் 26, புதன்

வார்டு அலுவலக மேலதிகாரிக்கு விண்ணப்பம் எழுதினேன், ஒரு பக்கம், நல்ல கையெழுத்தில். கடைசித் தேதி முடிந்துவிட்டது என்று இரண்டு வரியில் பதில். ஆலையில் மேற்பார்வையாளர் அம்மாவிடம், "இருந்துக்கிட்டே இல்லன்னு சொல்ற ஆளாச்சே நீ" என்றாராம், எல்லோர் முன்னாலும். தான் பயந்த மாதிரி, இனி கதவைத் திறந்து பார்ப்பேன் என்று அவர் சொல்லவில்லையே என்று அம்மாவுக்கு நிம்மதி. இது நிம்மதிப்படுகிற விஷயமா?

ஏப்ரல் 6, ஞாயிறு

அம்மாவும் எங்களோடு வந்தாள். ஓட்டுப் போடப் போன பெண்களின் குழந்தைகளை வாசலில் வைத்துக்கொண்டாள். இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று. நான் உள்ளே போய் 'ஆம்' போட்டேன். அவளுக்கும் சேர்த்து அழுத்திப் போட்டேன். எவ்வளவு அழுத்தினாலும் ஒன்றுதான்.

ஏப்ரல் 8, செவ்வாய்

விதி ஜெயித்துவிட்டது. பெரிய வித்தியாசம் இல்லை, எங்கள் தெரு மாதிரி நாலைந்து தெருக்களின் ஓட்டுதான். விசில் அக்கா தெரு முழுக்க ஊதிக்கொண்டே போனாள். அம்மா வாசலில் நின்று கை தட்டினாள், அடுத்த வீட்டு விசேஷத்துக்கு வந்தவள் மாதிரி.

ஜூன் 3, செவ்வாய்

நேற்று ஆலையில் இருக்கை போட்டார்கள். இஸ்திரிப் பிரிவில் முப்பது பேருக்கு நாலு முக்காலி. எல்லோருக்கும் என்று விதியில் இல்லையாமே! அக்கா இன்றே அதற்கு ஒரு மனு எழுதச் சொல்லிவிட்டாள். எழுத வேண்டும்.

முறை வைத்து உட்காருகிறார்களாம். அம்மா உட்காரவே இல்லை என்று மாடி வீட்டுக்காரி வந்து புகார் சொன்னாள். "உன் முறைதான்க்கா, உக்காருன்னா, 'ஓட்டுப் போட்டவங்க உக்காருங்க'ங்கறா. நீயாவது கேளேன்."

கேட்டேன். சண்டையே போட்டேன். அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். நானும் விட்டுவிட்டேன். விளக்கைப் போட்டு இதை எழுத உட்கார்ந்தபோது பக்கத்தில் வந்து நின்றாள்.

"அந்தப் பேரு சேக்கற ஆபீஸ் எத்தனை மணிக்குத் திறப்பாங்க?"

"பத்துக்கு."

"நாளைக்கு லீவு சொல்லிட்டேன். தையல்காரரும் அவர் பொண்டாட்டியும் வரேன்னிருக்காங்க. ஒன்பதரைக்கே போய் நின்னுடுவோம்."

"நிக்க வேண்டாம்மா. அங்க பெஞ்சு கிடக்கு."