பெயர் எழுதாத அளவு நோட்டு

உன் அளவு நோட்டை நேற்று உன் மகள் என் வீட்டுக்கே கொண்டு வந்துவிட்டாள். நீளமான நோட்டு, பழுப்பு அட்டை, முதுகு கிழிந்த இடத்தில் நீ ஒட்டிய மெரூன் ரவிக்கைத் துணி. பிரித்ததும் தையல் மெஷின் எண்ணெய் வாசம் அடித்தது. நீ போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. அந்த வாசம் மட்டும் இன்னும் போகவில்லை. நான் முகர்ந்துகொண்டிருக்கும்போதே அவள் கேட்டாள்.

“சித்தி, இதுல நீங்க எது? அதை மட்டும் சொல்லுங்க. மத்தவங்கள நான் எப்படியாவது கண்டுபிடிச்சிருதேன்.”

விஷயம் இதுதான். கடையை இப்போது அவள் நடத்துகிறாள், நன்றாகவே நடத்துகிறாள். தையல் கடைகளுக்கென்று ஒரு செயலியாம், அதைக் கைபேசியில் இறக்கியிருக்கிறாள். வாடிக்கையாளர் பெயர், எண், அளவு, முன்பக்கம் ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம். எல்லாவற்றையும் ஏற்றிவிட்டால் தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பே அதுவாக எல்லாருக்கும் செய்தி அனுப்பிவிடுமாம். பழைய ஆட்களை ஏற்றலாம் என்று உன் நோட்டை எடுத்திருக்கிறாள். ஒரு பக்கத்திலும் ஒரு பெயர் இல்லை. பாவம், அரண்டு போய்விட்டாள்.

பெயர் இருக்க வேண்டிய இடத்தில் நீ படம் போட்டு வைத்திருக்கிறாய். கரண்டி, மீன், பாதி நிலா, அடிகுழாய், கொம்பு உடைந்த ஆடு. அதற்குக் கீழே மார்பு, இடுப்பு, கைநீளம், பின்கழுத்து இறக்கம் என்று எண்கள். எந்தக் குறி யாருடையது என்று உனக்குத் தெரியும், அவளவள் குறி அவளவளுக்குத் தெரியும். மூன்றாவது ஆளுக்குத் தெரியாது.

ரத வீதியை ஒட்டிய சந்தில் நீ கடை போட்ட புதிதில் என் முதல் ரவிக்கைக்கு அளவெடுத்தாயே, அன்றைக்கே நான் கேட்டேன். பள்ளிக்கூட அலுவலகத்தில் நாள் முழுக்கப் பிள்ளைகளின் விவரங்களைக் கணினியில் ஏற்றுகிறவள் நான். பெயர் இல்லாத பதிவேட்டைப் பார்த்தால் எனக்குக் கை பரபரக்கும். நீ பென்சிலைக் காதில் சொருகிக்கொண்டு சொன்னாய். “ஒன் அளவு எனக்குத் தெரியணும், தைக்கணும்லா. நோட்டுக்கு எதுக்குட்டி தெரியணும்? அது பாட்டுக்கு மேசையில கெடக்கும். பட்டன் விக்க வாரவன் பொரட்டுவான், கரண்ட் ரீடிங் எடுக்க வாரவன் பொரட்டுவான்.” நான் சிரித்தேன். இவளுக்கு எல்லாவற்றுக்கும் ஒரு சட்டம் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தச் சட்டத்தின் அருமை எனக்குத் தெரிய வந்தது ஆபரேஷனுக்குப் பிறகுதான்.

ஊருக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் என்று சொல்லி வைத்தோம். திருநெல்வேலியில் எடுத்தது இடது மார்பை. ஆரம்பத்திலேயே தெரிந்ததால் வெட்டியதோடும் மாத்திரையோடும் போயிற்று. முடி கொட்டவில்லை, ஆகவே பொய்யும் வெளுக்கவில்லை. என் வீட்டுக்காரரையும் உன்னையும் தவிர யாருக்கும் தெரியாது. தைரியமில்லாதவள் என்று நீ என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. டேப்பை எடுத்துக்கொண்டு வந்தாய், கதவைச் சாத்தினாய், அளவெடுத்தாய். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. கல்யாண ரவிக்கைக்கு அளவெடுப்பாயே, அதே முகம். நான்கு நாளில் நான்கு ரவிக்கை வந்தது. உள்ளே ஒரு பை, பைக்குள் பஞ்சு, எடைக்காகக் கொஞ்சம் கடுகு. “ரெண்டு பக்கமும் ஒரே கனம் இருந்தாத்தான் தோள் சரியாம நிக்கும்” என்றாய். அன்று என் பழைய குறியை அடித்துவிட்டுப் புதிதாக ஒன்று போட்டாய். பழையதை நான் நாத்தனாரிடம் சொல்லிச் சிரித்திருந்தேன், அது உனக்கு ஞாபகம் இருந்திருக்கிறது. புதியதை என் காதில் சொன்னாய்.

தோள் நிமிர்ந்தது. ஆனால் அருவிக்குப் போவதை நிறுத்திவிட்டேன். தென்காசியில் பிறந்துவிட்டு, ஆனி ஆடியில் சாரல் அடிக்கும்போது ஜன்னலைச் சாத்திக்கொண்டு வீட்டில் கிடப்பது எப்படி என்று இந்த ஊர்க்காரர்களுக்குத்தான் புரியும். நனைந்த துணி உடம்போடு ஒட்டுமே, அப்போது எல்லாம் தெரிந்துவிடுமே என்ற பயம். அந்தத் தோப்பு அருவியைக் கண்டுபிடித்தவள் நீ. குற்றாலத்துக்குப் போகிற வழியில் யாரோ ஒரு பெரிய மனிதரின் தோப்புக்குள் விழுகிற சின்ன அருவி, சீட்டு வாங்கிக்கொண்டு போக வேண்டும். பெண்கள் பக்கம் தனிச் சுவர். வாரநாள் காலையில் ஆளே இருக்காது. என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்த் தண்ணீருக்கடியில் நிறுத்தினாய். நீ எப்போதும் என் இடப்பக்கம் நின்றாய். முதல் நாள் நான் அழுதது உனக்குத் தெரிந்திருக்காது, தண்ணீர் அப்படிக் கொட்டியது.

இரண்டு சீசன் போனோம். மூன்றாவது சீசனில் பெண்கள் பக்கச் சுவருக்கு மேலே ஒரு கம்பம், கம்பத்தில் கேமரா. நான் படியிலேயே நின்றுவிட்டேன். நீ நேராகச் சீட்டுக் கொடுக்கிறவரிடம் போனாய்.

“அண்ணாச்சி, அது என்னது?”

“கேமராம்மா. ஒங்க பாதுகாப்புக்குத்தான்.”

“யாரு பாக்கா?”

“நான் இங்கன டிவில பாப்பேன். ஓனருக்கு மெட்ராஸ்ல போன்லயே வந்துரும்.”

“அதுல பிடிச்சதை எத்தனை நாள் வச்சிருப்பீய?”

“அதெல்லாம் எனக்குத் தெரியாதும்மா. மாட்டுனவனுக்குத்தான் தெரியும்.”

“ஒங்க வீட்டு அக்கா இங்க குளிக்க வருவாவளா?”

“வருவா.”

“அப்ப அவிய குளிக்கையிலயும் ஓனர் மெட்ராஸ்ல இருந்து பாப்பாரு. சரிதான?”

அவர் சீட்டுக் கட்டை எண்ண ஆரம்பித்தார். நாம் குளிக்காமல் திரும்பினோம். பஸ்ஸில் நான் சொன்னேன், விடு, எனக்கு வேண்டாம், வீட்டில் வாளியில் குளித்துக்கொள்கிறேன் என்று. நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். அப்படித் திரும்பினால் நீ விடப்போவதில்லை என்று அர்த்தம்.

முதலில் முறைப்படி புகார் கொடுக்கலாம் என்று என் மதிய இடைவேளையில் பள்ளிக்கூடத்துக்கு வந்தாய். ஏதோ ஒரு புகார்த் தளத்தைத் திறந்தோம். பெயர் கேட்டது, எண் கேட்டது, ஓடிபி அனுப்பியது. ஓடிபி வந்து சேர்வதற்குள் நேரம் முடிந்துவிட்டது என்றது. மறுபடி முதலில் இருந்து. நான்காவது தடவை உள்ளே விட்டது. விட்டதும், புகார்தாரர் கேமராவைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டவும் என்றது. நீ நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டாய். “கேமராவப் பத்திப் பிராது சொல்ல வந்தா இங்கனயும் ஒரு கேமராவாட்டி!” தலைமை ஆசிரியர் எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தோம். எனக்குச் சிரிப்போடு வயிற்றெரிச்சலும் இருந்தது.

அடுத்த வாரம் நீ பையிலிருந்து எடுத்ததைப் பார்த்து எனக்குத் தலை சுற்றியது. கேமராவுக்கு ஒரு தொப்பி! கண்ணாலேயே அளவெடுத்து, கீழே நாடா கோத்து, குழந்தைக்குத் தைக்கிற மாதிரி தைத்திருந்தாய். துணி துவைக்கிற கல்லில் ஏறி நின்று மாட்டியும்விட்டாய். திரும்பினால் சீட்டு அண்ணாச்சி தன் அறை வாசலில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். “எம்மா, எல்லாம் பளிச்சுன்னு தெரியுதும்மா! கொஞ்சம் பச்சையா தெரியுது, அவ்ளோதான்.”

மிச்சம் கிடந்த பச்சை ரூபியாவில், அந்த மெல்லிய ரவிக்கைத் துணியில் தைத்திருக்கிறாய். அதுவும் ஒற்றைத் துணி. ஊரில் உள்ள பெண்களுக்கெல்லாம் லைனிங் வைத்துத் தைக்கிறவள் கேமராவுக்கு லைனிங் வைக்க மறந்துவிட்டாள். நீ கல்லிலேயே உட்கார்ந்துவிட்டாய். “பொம்பளைக்குன்னா மறக்க மாட்டேன். இது சவம் இரும்புதானன்னு இருந்துட்டேன்” என்றாய். அன்றும் குளிக்காமல்தான் திரும்பினோம்.

மறுவாரம் லைனிங்கோடு வந்தாய். அவர் கழற்றினார். நீ இன்னொன்று தைத்தாய். அவர் கழற்றினார், நீ தைத்தாய். செய்தி பரவி, கடைக்கு வருகிற பெண்கள் கேமராவுக்கென்று வெட்டுத் துணி கொண்டுவர ஆரம்பித்தார்கள். கடையம் ஊரிலிருந்து வருகிற ஒரு டீச்சர் பட்டுத் துணியே கொடுத்தார். பஸ் நிலையத்தில் உன்னைப் பார்த்தால், “கேமராவுக்குச் சட்டை தைக்கிற டெய்லர் போறா” என்று சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். எதற்காக இந்தப் பாடு என்று கேட்டவர்களிடம், “பொழுது போவலை” என்றாய். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். என்னால்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அது எனக்கு இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

கடைசியில் ஒரு நாள் போனபோது கேமரா கார் நிறுத்துகிற இடத்தைப் பார்த்து நின்றது. அண்ணாச்சி தானாகவே திருப்பியிருந்தார். “ஓனருக்குத் துணிதாம்மா தெரியுது. கடுப்பாயிட்டாரு. காராவது பாப்போம்ன்னுட்டாரு” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “எங்க வீட்டுலயும் ஏசுனா” என்றார். அன்று அரைமணி நேரம் தண்ணீருக்கடியில் நின்றோம். நீ செய்த அடுத்த காரியம்தான் எனக்கு இன்னும் ஆச்சரியம். சாரலில் கேமரா நனைகிறதே என்று அதற்குக் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாளில் ஒரு தொப்பி தைத்துக் கொடுத்தாய். “காரைப் பாத்துக்கிட்டு நிக்கட்டும். அதுமேல எனக்கென்ன கோவம்?” உன்னைப் போலச் சண்டை போட எனக்கு இந்த ஜென்மத்தில் வராது.

காய்ச்சல் என்று படுத்தாய், நான்காம் நாள் நீ இல்லை. எனக்கு நிறையக் கேட்க வேண்டியிருந்தது. கேட்கவில்லை.

நேற்று உன் மகள் நோட்டை என் மடியில் வைத்துக் காத்திருந்தபோது நான் உன் கேள்வியைத்தான் கேட்டேன்.

“போன்ல ஏத்துனா அதை யாரு பாக்கா?”

“யாரும் பாக்க மாட்டாவ சித்தி. கிளவுட்ல இருக்கும்.”

“அது எங்கன இருக்கு?”

அவள் யோசித்தாள். கைபேசியை எடுத்து, முதல் நாள் படிக்காமல் ஒப்புக்கொண்டதையெல்லாம் ஒவ்வொன்றாகப் படித்தாள். தொடர்பு எண்கள் வேண்டுமாம், படங்கள் வேண்டுமாம், அவள் இருக்கும் இடம் வேண்டுமாம். “ரவிக்கை தைக்கதுக்கு நான் எங்க நிக்கேன்னு அதுக்கு எதுக்கு?” என்று தனக்குத்தானே கேட்டாள். எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. பிறகு, “சரி, அப்ப ஒங்களுக்கு நான் எப்படித் தைக்க?” என்றாள்.

நீ தைத்தவை எல்லாம் நைந்துவிட்டன. ஒன்றரை வருஷமாக அவற்றையே ஒட்டுப்போட்டு உடுத்துகிறேன், புதிதாக யாரிடமும் போகப் பயம். நான் எழுந்து கதவைச் சாத்தினேன். “டேப்பை எடு” என்றேன்.

அவளுக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். உன் மகள், உன்னோடு ஒரே மேசையில் பட்டன் துளைக்குக் காஜா கட்டியவள், அந்தக் கடுகுப் பைகளை எத்தனையோ தடவை பார்த்திருப்பாள். நான் முந்தானையை எடுத்து ரவிக்கையைக் கழற்றியதும் அவள் கையிலிருந்த டேப் அப்படியே நின்றது.

“அம்மா சொல்லவே இல்லியே சித்தி” என்றாள். டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, “அதுக்குத்தானா அந்தக் கேமராச் சண்டை?” என்றாள்.

ஆமாம் என்று தலையசைத்தேன். முதல் தடவையாக வாய் திறந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அந்த முகம் எனக்குத் தெரியும்.

அளவெடுத்து முடித்ததும், நாற்காலியில் கிடந்த கைபேசியை விட்டுவிட்டு அவள் நோட்டைத்தான் எடுத்தாள். கடைசிப் பக்கத்தில், உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு ஒரு குறி போட்டாள். அதை என் காதில் சொன்னாள்.

நீ கேட்டால் மட்டும் சொல்வேன். இங்கே எழுத மாட்டேன்.