ஆற்றை மூடிய படத்தில் நான் சிரித்துக்கொண்டு நிற்கிறேன்

அன்பு மகள் வாசுகிக்கு,

சித்தப்பா பக்கிரிசாமி எழுதிக்கொள்வது. இங்கே எனக்கும் உன் சித்தி தேவகிக்கும் அம்மன் புண்ணியத்தில் மூன்று வேளையும் பசிக்கிறது, பசித்தால் சாப்பிட இருக்கிறது, அதற்கு மேல் சுகம் என்று எதைச் சொல்வது. ஆக்லாந்தில் நீயும் மாப்பிள்ளையும் குளிரில் விறைத்துப் போகாமல் காலையில் ஒழுங்காகப் பசியாறிவிட்டுத்தான் வேலைக்குப் போகிறீர்கள் என்று நம்புகிறேன். என் முழங்காலைப் பார்த்த டாக்டர் இது இருபது வயதுக்காரனின் முழங்கால் என்று அசந்துபோனார். தேவகி பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டே 'அறுபத்தெட்டு வயசுக்குப் பரவால்லன்னுதான் சொன்னாரு, முழுசா எழுதுங்க' என்கிறாள், அவள் சொன்னதையும் எழுதிவிட்டேன். கைப்பேசி இருக்கும்போது தாளில் ஏன் எழுதுகிறார் என்று நீ நினைப்பாய். கைப்பேசியில் எதை அனுப்பினாலும் நீ ஒரு கட்டைவிரலைத் திருப்பி அனுப்பிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுகிறாய். தாளுக்குக் கட்டைவிரல் காட்ட முடியாது அல்லவா, அதனால்தான்.

விஷயத்தைச் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். டவுன் கடைவீதிக்குப் பின்னால் ஓடுகிற நம் ஆற்றின் மேல் சிமெண்டுப் பலகை போட்டு மூடி, அதன்மேல் கார், வேன் என்று எல்லாக் காடியும் நிறுத்துமிடம் கட்டப் போகிறார்கள். அதற்கு இடம் போதவில்லை என்று மூசாவின் சாப்பாட்டுக் கடையில் பின்பக்கம் பத்தடி இடிபடப் போகிறது. தண்ணீரைப் பார்த்தபடி போட்டிருக்கிற அந்த ஆறு மேசைகளும் போய்விட்டால் மூசாவுக்குக் கடை என்று மிஞ்சுவது ஒரு நடை மட்டும்தான். இதற்கெல்லாம் காரணம் பக்கிரிசாமிதான் என்று ஊர் சொல்கிறது. மூசா ஒன்றும் சொல்லவில்லை, என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டான். உன் அப்பா, என் அண்ணன், போன பிறகு மூன்று வயதுப் பிள்ளையாக உன்னைத் தூக்கிக்கொண்டு ரப்பர் தோட்டத்தை விட்டு டவுனுக்கு வந்தபோது முதல் மாதம் முழுக்க நம் மூன்று பேருக்கும் அந்தப் பின்மேசையில் சோறு போட்டவன் அவன். உனக்கு நான் அதைச் சொல்லத் தேவையில்லை, இருந்தாலும் எழுதி வைக்கிறேன்.

நடந்ததைக் கேள். தைப்பூசம் முடிந்த மறுவாரம் பினாங்கிலிருந்து ஒரு கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். டவுன் வளர்கிறது, கூலிம் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கிற ஜனமெல்லாம் இங்கே வந்து வீடு எடுக்கிறது, அதனால் டவுன் நடுவில் கட்டடங்கள் எப்படி இருக்க வேண்டும், ஆற்றை என்ன செய்ய வேண்டும் என்று குடியிருக்கிறவர்களிடமே கருத்துக் கேட்கப் போகிறோம் என்றார்கள். எனக்கு நெஞ்சு இரண்டு அங்குலம் விரிந்துவிட்டது. இத்தனை வருடமாக என் கருத்தை நானாகத்தான் சொல்லி வந்திருக்கிறேன், ஒருவரும் வந்து கேட்டதில்லை. கேமராவோடு வந்த பிள்ளைக்கு ஆற்றங்கரை முழுக்கச் சுற்றிக் காட்டியது நான்தான். எழுபத்தெட்டில் இதே ஆற்றில் ஒரு முதலையை மண்வெட்டியால் அடித்து விரட்டியதைச் சொன்னேன் (உடும்பு என்கிறாள் தேவகி, உடும்பாகவே இருக்கட்டும், முதலை நீளம் இருந்தது). அந்தப் பிள்ளை 'அங்கிள், ஹென்சம் லா, இங்க நில்லுங்க, கொஞ்சம் சிரிங்க' என்று என்னைப் பத்துப் பதினைந்து படம் எடுத்தது. பூப்போட்ட பாத்தேக் சட்டை போட்டிருந்தேன். ஒரு தாளில் கையெழுத்துக் கேட்டது, போட்டுக் கொடுத்தேன்.

இரண்டு வாரம் கழித்துச் சமூக மண்டபத்தில் பன்னிரண்டு பெரிய படங்களைச் சுவரில் மாட்டி, வருகிறவர்கள் ஒவ்வொருவர் கையிலும் ஐந்து பச்சைப் பொட்டு ஸ்டிக்கர் கொடுத்தார்கள். பிடித்த படத்தில் ஒட்ட வேண்டும், அவ்வளவுதான். அன்று அந்த மண்டபத்தில் கேட்ட கருத்தை எல்லாம் எழுதினால் பத்துத் தாள் ஆகும். இரும்புக்கடைச் சீன அம்மா ஐந்தடி நடைபாதையும் மரச் சன்னலும் உள்ள பழைய கடைகளைத் தொடவே கூடாது என்று ஐந்து பொட்டையும் ஒரே படத்தில் ஒட்டி 'மழைல நனையாம நடக்க வேற எங்க எடம் இருக்கு' என்று கம்பெனிக்காரனிடம் தமிழிலேயே சண்டை போட்டார். கூலிம் ஷிப்டு முடிந்து தூக்கக் கலக்கத்தோடு வந்த இளைஞர்கள் கண்ணாடி மாளிகை கேட்டார்கள், 'பேக்டரியே பளபளன்னு இருக்கு, நம்ம டவுன் மட்டும் மாட்டுக் கொட்டாய் மாரி இருக்குலா' என்றார்கள். ஓய்வுபெற்ற மலாய் வாத்தியார் ஒருவர் கரையில் சிமெண்டே கூடாது, புல்லும் மரமும் போதும், தண்ணீருக்கு நாம் இடம் விட்டால் அது நம் வீட்டுக்குள் இடம் கேட்டு வராது என்றார். நாற்றம் பிடித்த ஆற்றுக்கு எதற்கு இத்தனை உபசாரம் என்று சொன்னவர்களும் உண்டு, பொய் சொல்லக் கூடாது. தேவகியோ எந்தப் படத்திலும் ஒட்டாமல், 'எதக் கட்டுனாலும் பொம்பளைங்களுக்கு ஒரு கழிப்பறை கட்டுங்க' என்று சொல்லி ஐந்து பொட்டையும் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

நான் ஏழாவது படத்தின் முன்னால் நின்றுவிட்டேன். அதில் நான் இருந்தேன் மகளே. முழு ஆளாக, பாத்தேக் சட்டையோடு, சிரித்துக்கொண்டு. என்னைச் சுற்றிச் சுத்தமான தரை, வட்டத் தொட்டியில் மரங்கள், பலூன் பிடித்த பிள்ளைகள். ஆற்றைக் காணோமே என்று தோன்றத்தான் செய்தது, எனக்குப் பின்னால் இருக்கும், நான் மறைத்துக்கொண்டு நிற்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன். கீழே மலாயில் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. கண்ணாடி போட்டால் வயது தெரிகிறது என்று அன்று அதைச் சட்டைப்பையில் வைத்திருந்தேன், எடுக்கவில்லை. நேராக வெளியே போய்க் கோயில் கமிட்டி, தாமான் குடியிருப்பு ஆட்கள், வேன் பிடித்துச் செமிலிங்கிலிருந்து நம் சொந்தக்காரர்கள் என்று மூவாயிரம் பேரைத் திரட்டி என் படத்தில் ஒட்ட வைத்தேன். எண்பத்தேழு என்கிறாள் தேவகி. சரி, எண்பத்தேழு. எண்பத்தேழு பேரின் பொட்டும் சேர்ந்து என் படம்தான் முதலில் வந்தது, அன்று சாயங்காலம் நான் தரையில் நடக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஆற்றோரம் பலகை நட்டார்கள். 'மக்களின் தேர்வு' என்று மேலே போட்டு, கீழே நான் இரண்டு ஆள் உயரத்துக்குச் சிரிக்கிறேன். அப்போதுதான் கண்ணாடி போட்டுப் படித்தேன். மூடிய வடிகால், மேலே வாகன நிறுத்துமிடம். அன்றைக்கே மூசா கைக்குப் பத்தடி இடிக்கச் சொல்லும் கடிதமும் வந்துவிட்டது. லாரி ஓட்டுகிற காளிதாசன் நடுத்தெருவில் 'ண்ணே, ஒங்க மண்ட மேலயே காடி நிறுத்தப் போறாங்களாம், மணிக்கு எவ்வளவுண்ணே' என்று கத்தினான், நாலு பேர் சிரித்தார்கள். அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். மறுநாள் வழக்கம்போல மூசா கடைக்குப் போய்ப் பின்மேசையில் உட்கார்ந்தேன். முப்பத்தைந்து வருடமாக எனக்கு அங்கே கண்ணாடிக் கிளாசில் தேத்தண்ணீர் வரும், கூடவே மூசாவும் வந்து உட்காருவான். அன்று அவன் கல்லாவை விட்டு அசையவில்லை. தே ஆற்றுகிறவனிடம் 'பெரியவருக்கு ஒரு தே புங்குஸ் பண்ணிக் குடு' என்றான். பிளாஸ்டிக் பையில் கட்டி, ரப்பர் போட்டு, என் கையில் தொங்கவிட்டார்கள். என்னை அண்ணே என்று அழைத்த வாய் பெரியவர் என்றது. அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு வீடு வந்து சேர்வதற்குள் சூடு ஆறிவிட்டது, நான் குடிக்கவில்லை.

கம்பெனிக்குப் போன் அடித்தேன். கேமராப் பிள்ளைதான் எடுத்தது. பேர் சொன்னேன், 'எந்த அங்கிள்?' என்றது. முதலைக் கதை சொன்ன அங்கிள் என்றேன், பாத்தேக் சட்டை என்றேன். 'எல்லா டவுன்லயும் ஒரு அங்கிள படம் எடுப்போம் அங்கிள், நீங்கதான் சைன் பண்ணிட்டீங்களே' என்றது. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. இரண்டு மணி நேரம் வெயிலில் கூட்டிப் போய்க் காட்டியிருக்கிறேன், இளநீர் வாங்கிக் கொடுத்திருக்கிறேன், எந்த அங்கிள் என்று கேட்டுவிட்டது.

உன்மேலும் எனக்கு வருத்தம் உண்டு, மறைக்க மாட்டேன். மண்டபத்தில் நின்றபடியே முதல் வேலையாக அந்தப் படத்தை உனக்குத்தான் வாட்சாப்பில் அனுப்பினேன். ஒரு நிமிடத்தில் 'சூப்பர் சித்தப்பா, ஹீரோ மாதிரி இருக்கீங்க' என்று போட்டுவிட்டாய். நீ சாலையும் பாலமும் வரைகிற ஆபீசில் இருக்கிறவள், இந்த மாதிரிப் படம் தினம் நூறு பார்க்கிறவள், ஆறு இருந்த இடத்தில் தரை இருப்பது உன் கண்ணுக்கு ஒரு விநாடியில் தெரிந்திருக்கும். நீயும் என் முகத்தை மட்டும் பார்த்திருக்கிறாய். வாய்விட்டுச் சொல்லிவிட்டேன், இனி இதை மனதில் வைத்துக்கொள்ள மாட்டேன், நீயும் அழாதே.

கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. வரும் பதினெட்டாம் தேதி நகராண்மைக் கழகத்தில் ஆட்சேபம் கேட்கும் கூட்டம் இருக்கிறது. அந்த மலாய் வாத்தியார், என்னிடம் ஒரு கேள்வியும் கேட்காமல், ஆறு மூடப்படும் என்று தெரியாமல் ஒட்டினோம் என்று மலாயில் நாலு வரி எழுதிக் கொடுத்தார். அதை எடுத்துக்கொண்டு எண்பத்தேழு வீட்டுக்கும் போய்க்கொண்டிருக்கிறேன். இதுவரை அறுபத்தொரு பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். நவமணி அக்கா கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டே 'நீ சொன்னேன்னுதாண்டா ஒட்டுனேன், இப்ப நீ சொல்றேன்னு எடுக்கணுமா, அடுத்த மாசம் என்ன சொல்லுவ' என்று கேட்டுவிட்டு மூடிக்கொண்டார். அது நியாயமான கேள்விதான்.

தேவகி கீரையைக் கழுவ உள்ளே போய்விட்டாள். இனி எழுதப் போவது அவளுக்கும் தெரியாது. அந்த எண்பத்தேழு பேரில் மூசாவும் ஒருவன். மதியக் கூட்டம் ஓய்ந்த பிறகு, கையில் மாவு காயாமல் மண்டபத்துக்கு வந்தான். எல்லாரும் என் முகத்தைப் பார்த்து ஒட்டினார்கள், அவன் ஒருவன்தான் குனிந்து அந்தப் பொடி எழுத்தில் விரல் வைத்துப் படித்தான். 'அண்ணே, மூடுன வடிகால்னு போட்ருக்கே, ஆத்த மூடுறாங்களா? நல்லாப் படிச்சீங்களா?' என்றான். நான், 'படிக்கிறதென்னய்யா, வரைஞ்சதே நான் பக்கத்துல நின்னு சொல்லித்தான். அது ஓரத்துச் சாக்கடைய மூடுறது. ஒட்டு' என்றேன். நிமிர்ந்து என்னை ஒரு தரம் பார்த்தான். பிறகு ஐந்து பொட்டையும் என் சட்டைக்குப் பொத்தான் வைப்பது போல மேலிருந்து கீழே வரிசையாக ஒட்டிவிட்டு, கடையில் ஆள் இல்லை என்று போய்விட்டான். இதை இன்றுவரை அவன் ஒருவரிடமும் சொல்லவில்லை. ஊர் என்னைப் படிக்காத ஏமாளி என்கிறது, கேலி செய்கிறது, அவன் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கிறான். கம்பெனி என்னை ஏமாற்றியது உண்மை. மூசாவைக் கம்பெனி ஏமாற்றவில்லை.

கூட்டத்தில் அவனும் இருப்பான். அவன் கேட்டான், படிக்காமலே படித்ததாக நான் சொன்னேன் என்று எல்லார் முன்னாலும் எழுந்து சொல்லப் போகிறேன். அதைச் சொன்னால் ஆறு தப்புமா என்று எனக்குத் தெரியாது. கையெழுத்துகள் சேர்ந்தால் தப்பலாம் என்கிறார் வாத்தியார். என் வாழ்நாளில் எதையும் கூட்டாமல் ஒரு விஷயத்தைச் சொன்னதாக எனக்கு நினைவில்லை, அதனால் முதலில் உனக்கு எழுதிப் பார்த்தேன். எழுத வருகிறது. சொல்லவும் வரும்.

நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல், கேட்டது கிடைத்து, கிடைத்தது நிலைத்து நன்றாக இருக்க அந்த அம்மன் துணையிருப்பாள். உன் வயிற்றில் ஒரு பிள்ளை தங்கி நாங்கள் விமானம் ஏறுகிற நாளும் வரட்டும். ஒன்று மட்டும் மறந்துவிடாதே. கூட்டம் முடிந்த அன்று தேவகி உன்னைப் போனில் கூப்பிட்டு என்னைத் திட்டுவாள். குறுக்கே பேசி எனக்குப் பரிந்து வராதே, முழுக்கத் திட்டி முடிக்கட்டும்.

இப்படிக்கு,
உன் சித்தப்பா
வே. பக்கிரிசாமி