ஒரே ரேட்

கூத்தாநல்லூர்
11.2.1990

சார்ஜா நகரத்தையே தோளில் தாங்கி நிற்கும் மருமகன் ஹபீப் முகம்மது அவர்களுக்கு, மாமா காதர் மைதீனின் சலாம். அல்லாஹ் கிருபையால் இங்கே நானும், என் மகளும் உங்கள் மனைவியுமான ஆமினாவும், நீங்கள் அனுப்பிய ரிக்கார்டிங் மிஷினும் சுகம். மூவரில் மிஷினுக்குத்தான் தினமும் துடைத்து, துணி போர்த்தி, ராஜ உபசாரம். கல்யாணத்துக்கு முன் காதைத் திருகி ‘டேய்’ என்ற பையனை ‘நீங்கள்’ என்று எழுதும்போது பேனாவுக்கே சிரிப்பு வருகிறது.

கடிதம் கிடைத்தது. ரிக்கார்டிங் ரூம் மாதம் தவறாமல் ஓடும் என்றால் கம்பெனியின் புது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாமல் ஊரோடு வந்துவிடுவேன், இல்லையென்றால் இன்னும் இரண்டு வருடம் என்று எழுதியிருந்தீர்கள். ரேட்டை ஒழுங்காக நிர்ணயிக்கும்படியும் உத்தரவு. நிர்ணயித்த சரித்திரத்தைக் கேளுங்கள்.

முதலில் மணிக்கு இவ்வளவு என்று வைத்தேன். குத்தாலத்திலிருந்து ஓர் இன்னிசைக் குழு வந்தது. அவர்கள் கிடாருக்குச் சுருதி கூட்டி முடிப்பதற்குள் குறுவை நட்டு அறுத்துவிடலாம். மணி ஓடுகிறதே என்று பாடகர் பதறிப் பாடியதில் காதல் பாட்டு ஆம்புலன்ஸ் மாதிரி வந்தது. சரி, பாட்டுக்கு ஐம்பது ரூபாய் என்று மாற்றினேன். அடுத்து வந்த கட்சிக் குழு ஒரே பாட்டில் வட்டத்தின் கிளைச் செயலாளர்கள் அத்தனை பேரையும் வாழ்த்தியது. கேசட்டின் இரண்டு பக்கமும் தீர்ந்தது, பாட்டு தீரவில்லை. ஆளுங்கட்சி வேறு. நிறுத்தச் சொல்ல எனக்கு எத்தனை தலை இருக்கிறது?

மிக்ஸிங் இதைவிட மோசம். தபேலாக்காரர் தபேலாவை ஏற்று என்பார், ஆர்கன்காரர் ஆர்கனை. சொன்னபடி எல்லாம் ஏற்றினால் பாடகர் கொழும்பிலிருந்து பாடுவது போல் கேட்கும். ஆகவே புதுச் சட்டம்: ஐந்து நிமிஷப் பாட்டுக்கு ஐம்பது, மிக்ஸிங்குக்கு இருபத்தைந்து, மிக்ஸிங் நேரத்தில் உள்ளே உட்காரும் ஒவ்வொரு தலைக்கும் ஐந்து. எல்லாருக்கும் ஒரே ரேட். ஆமினா தன் முத்துமுத்தான எழுத்தில் போர்டு எழுதி மாட்டினாள். மறுநாளிலிருந்து வித்வான்கள் எல்லாம் வாசலில் டீ குடித்துக்கொண்டு நல்ல பிள்ளைகளாகக் காத்திருந்தார்கள்.

இனிமேல்தான் விஷயம். நம் மாத வரவில் பாதி தியாகராசன் என்ற தம்பியின் இன்னிசைக் குழுவால் வருவது. பக்கத்துக் கிராமத்து மிராசுதார் மகன். அவர்கள் நிலத்தில் குத்தகைதாரர்களை வெளியேற்றும் தகராறு முற்றி, சம்பா அறுவடையன்று கைகலப்பாகி, குத்தகைக்காரர்களில் நாலு பேர் திருச்சி ஜெயிலில் இருக்கிறார்கள். அந்த வீட்டுப் பெண்கள் சேர்ந்து பாடும் போராட்டப் பாட்டைக் கேசட்டில் பதியவேண்டும் என்று அம்சம் என்ற அம்மா வந்து நாள் கேட்டுப் போனார். செய்தி தெரிந்து தியாகராசன் வந்தார். கோபமே இல்லை.

“முடியாதுன்னு சொல்ல வேணாம் பாய். ரேட்டை மூணு மடங்கா சொல்லுங்க, அவங்களே போயிடுவாங்க” என்றார். இல்லாவிட்டால் தம் குழு கும்பகோணத்துக்குப் போய்விடும் என்பதையும் அதே சிரிப்போடு சொன்னார்.

மாப்பிள்ளை, மூணு மடங்கு என் நாக்கு நுனியில் செருப்பு மாட்டிக்கொண்டு தயாராக நின்றது. நீங்கள் பெட்டியோடு வாசலில் இறங்குவதுதான் கண்ணில் தெரிந்தது. மத்தியானம் சோறு போடும்போது ஆமினாவிடம் சொன்னேன்.

“போர்டுல ஒண்ணு எழுதிட்டு வாயால வேற ஒண்ணு சொல்லாதீங்க, அத்தா. அவங்க வர்றதுக்கு ரெண்டு வருஷம் ஆனா ஆகட்டும்” என்றாள். சொல்லிவிட்டு, ரசம் ஊற்றிய சோற்றிலேயே மறுபடி ரசம் ஊற்றினாள். வெண்ணாற்று வெள்ளம் போல் தட்டைத் தாண்டி ஓடியது. நான் அதை வழித்துச் சாப்பிட்டேன்.

போர்டில் இருந்த அதே ரேட்டுக்குப் பெண்கள் வந்தார்கள். நாலு குரல், ஒரு தப்பு, வேறு வாத்தியம் இல்லை. மிக்ஸிங்குக்கு அம்சம் மட்டும் உள்ளே வந்தார். எல்லாரையும் போலத் தன் குரலை ஏற்றச் சொல்வார் என்று குமிழில் கைவைத்தேன். தன்னைக் குறைக்கச் சொன்னார். “பூவம்மா குரலைத் தூக்கி வைங்க. அவ புருஷன் ஜெயில்லேருந்து வந்தா அதைத்தான் தேடுவாரு” என்றார். கேசட் எடுத்துக் கொடுக்க வந்து நின்ற ஆமினா, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

தியாகராசன் சொன்னபடி கும்பகோணம் போய்விட்டார். ஆகவே ரூம் மாதம் தவறாமல் ஓடும் என்று என்னால் எழுத முடியாது. கல்யாண மாதங்களில் ஓடும். மற்ற மாதங்களில் நானே பாடினால்தான் உண்டு. பாடினால் ஊர் காலியாகிவிடும்.

நேற்று ஆமினா அரைமணி நேரம் ரூம் வேண்டும் என்றாள். மிஷினைத் தானே போட்டுக்கொள்வதாகச் சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் பள்ளிவாசல் வரை போய்த் திரும்பினேன். இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் ஹாஜா மைதீனிடம் அந்தக் கேசட்டும் இருக்கிறது. நான் கேட்கவில்லை. முதலில் அதைக் கேளுங்கள், மாப்பிள்ளை. அதற்குப் பிறகு கம்பெனிக் காகிதத்தைக் கையில் எடுங்கள்.

அல்லாஹ் உங்களை நல்லபடியாக வைக்கட்டும். எங்கே வைக்கவேண்டும் என்பதை மட்டும் ஐந்து வேளையும் அவனுக்கு நினைவூட்டிக்கொண்டிருக்கிறேன்.

துஆவை விட்டால் வேறு முதல் இல்லாத,
மாமா காதர் மைதீன்