பச்சையை மட்டும் அமுக்கியவன்

நாள் 1203. காலை 7.10

இருப்பு சரி. வெப்பம் சரி. காற்று சரி.

இதுவரை இந்தக் குறிப்பை வாயால் சொல்லிப் பதிந்தேன். இன்று முதல் தடவையாக விரலால் எழுதுகிறேன். மேலே உள்ள ஒரு வரிக்குப் பதினைந்து நிமிடம் ஆனது. திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது. நீளமானதை இன்னும் வாயால்தான் சொல்லிப் பதிகிறேன்.

இதைக் கண்டெடுப்பவருக்கு: என் பெயர் மாசானம். வயது அறுபத்தாறு. தூத்துக்குடித் துறைமுகத்தில் முப்பது வருடம் மூட்டை தூக்கினேன். இப்போது நிலவில், பிறைக்குடியின் சரக்குக் கிடங்கில் தனி ஆள். பிறைக்குடி இங்கிருந்து முந்நூறு கிலோமீட்டர். அங்கே முப்பத்தொரு பேர். எந்தச் சரக்கு எந்த ரேக்கில் இருக்கிறது என்று நினைவில் வைத்துக்கொள்வது மென்பொருள். தூக்குவது இயந்திரக் கை. பொத்தான் அமுக்குவது நான்.

வேலைக்கு எடுத்தபோது, படிக்கத் தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

எட்டு மாதம் முன்பு பிறைக்குடிப் பள்ளிக்கு வந்த பெட்டி ஒன்று உடைந்தது. உள்ளே தொட்டால் பேசும் அரிச்சுவடிகள். ஒன்றை எடுத்து ஒளித்துவைத்தேன். அதுதான் என் வாத்தியார்.

மாலை 4.00

ஒன்பது பெட்டிகளைப் படித்தேன். ‘உடையும் பொருள்.’ ‘இந்தப் பக்கம் மேலே.’ மூன்று வருடமாகத் தலைகீழாக நின்ற பெட்டியைத் திருப்பிவைத்தேன். வெட்கமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது.

நாள் 1204. காலை 8.25

பிறைக்குடியிலிருந்து வண்டி வந்தது. ஆளில்லாமல் ஓடும் வண்டி. ஆறு ஆக்சிஜன் சிலிண்டர்கள் திரும்பி வந்திருந்தன. இயந்திரக் கை முதல் சிலிண்டரின் பார்கோடைக் காட்டியது. திரையில் எப்போதும் வரும் கேள்வி. கீழே எப்போதும் வரும் இரண்டு பொத்தான்கள். என் விரல் பச்சைக்குப் போய்விட்டது. ஆனால் படிக்கும் ஆசையில் நிறுத்தினேன்.

‘வந்த சிலிண்டர் நிறைந்ததா, காலியா?’

பச்சை: நிறைந்தது. சிவப்பு: காலி.

நான்கு தடவை படித்தேன். தப்பாகப் படித்திருக்கக் கூடாதா என்று இருந்தது.

காலை 8.50

வந்த முதல் வாரம் ஒரே ஒரு தடவை சிவப்பை அமுக்கியிருக்கிறேன். உடனே ஒரு கட்டம் திறந்தது. அதில் ஏதோ எழுதச் சொன்னது. எழுதாமல் அது மூடவில்லை. மின்சாரத்தை நிறுத்தித்தான் தப்பித்தேன். அதன்பின் மூன்று வருடம் பச்சை மட்டும்.

இருப்பு நிறைய இருக்கிறது என்று மென்பொருள் சொன்னதால், பூமியிலிருந்து புது சிலிண்டர் வரவே இல்லை.

காலை 9.40

பிறைக்குடியின் சரக்குப் பொறுப்பாளர் ஜெரினா வானொலியில் பேசினாள்.

ஜெரினா: “அண்ணாச்சி, முழிச்சாச்சா? எங்க காத்து மிஷின் படுத்துட்டு. ஒடஞ்ச சாமானுக்கு மாத்துச் சாமான் பூமியில இருந்து வரணும். பயமில்ல, ஒங்க குடோன்ல நூத்தெம்பது சிலிண்டர் நெறஞ்சு கெடக்குன்னு சாப்ட்வேர் காட்டுது. மேல போற கப்பல்காரன் வேற, எங்கிட்ட சிலிண்டர் இருக்கு, எறக்கட்டுமான்னு தொணதொணங்கான். நூத்தெம்பது இருக்குல்லா?”

நான்: “இருக்கும்மா.”

ஜெரினா: “அப்பம் அவன போவச் சொல்லிருதேன். நீங்க இருக்கையில எங்களுக்கு என்ன கவலை!”

காலை 9.45

போய்ப் பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்றுதான் அப்படிச் சொன்னேன்.

இல்லை. அது பிறகு யோசித்தது. வாய் திறந்தபோது பயந்தது ஒன்றுக்குத்தான். இவனுக்குப் படிக்கத் தெரியாது என்று அந்தப் பிள்ளைக்குத் தெரிந்துவிடும்.

பிற்பகல் 2.30

விண்ணுடை மாட்டிக்கொண்டு ரேக் ரேக்காகப் போனேன். ஒவ்வொன்றையும் கையால் தூக்கினேன். துறைமுகத்தில் மூட்டை தோளில் ஏறினாலே நிறையா குறையா என்று சொல்லிவிடுவேன். மூன்று வருடத்தில் ஒரு சிலிண்டரையாவது தொட்டுத் தூக்கியிருந்தால் போதும். இயந்திரம் தூக்கட்டும் என்று இருந்துவிட்டேன்.

நிறைந்தவை ஒன்பது. காலி நூற்று எழுபத்தொன்று.

பிற்பகல் 3.05

நான்: “யம்மா, கப்பல் எங்க இருக்கும்?”

ஜெரினா: “அது போயி அஞ்சு மணி நேரமாச்சே. ஏன், ஊருக்கு மிட்டாய் குடுத்துவிடணுமா?”

நான்: “திரும்பச் சொல்லு. இங்க ஒம்பதுதான் இருக்கு. மிச்சம் பூரா காலி.”

ஜெரினா: “வெளாடாதீய. சாப்ட்வேர்ல…”

நான்: “அதுக்குச் சொன்னவன் நாந்தான். எனக்குப் படிக்கத் தெரியாது தாயி. இப்பந்தான், எட்டு மாசமா. அது கேட்டதுக்கெல்லாம் பச்சையவே அமுக்கிட்டேன்.”



ஜெரினா: “எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா அண்ணாச்சி. வாசிச்சுச் சொல்லிருப்பேனே, மூணு வருசமும்.”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மாலை 5.00

ஜெரினா: “கப்பல் பூமியச் சுத்தித்தான் திரும்ப முடியுமாம், எட்டு நாளாவும். எங்ககிட்ட ரெண்டு நாளைக்கு இருக்கு. மிச்சம் ஆறு நாளைக்கு, தெனம் ரெண்டு வீதம் பன்னெண்டு சிலிண்டர் வேணும். ஒம்பதுதான்னா… சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும்னு…”



மாலை 5.20

என் அறைச் சுவரில் மூன்று சிலிண்டர்கள் மாட்டியிருக்கின்றன, இன்றுதான் மாற்றிய நிறைந்த சிலிண்டர்கள். நான் மூச்சு விடுவது அவற்றில்தான். கிடங்கு பழையது, கசியும். ஒரு ஆளுக்கே மூன்று நாளைக்கு ஒன்று வேண்டும். கப்பல் வரும்வரை எனக்குச் சரியாக இருக்கும்.

வண்டி இருபது மணி நேரம் ஓடும். விண்ணுடையில் எட்டு மணி நேரக் காற்றுதான். கூடப் போக முடியாது.

ஒன்பதும் மூன்றும் பன்னிரண்டு.

மாலை 6.15

‘இவை பயன்பாட்டில் உள்ளன. எடுக்கலாமா?’ என்று திரை கேட்டது. படித்தேன். பச்சையை அமுக்கினேன். நான் படித்துவிட்டு அமுக்கிய முதல் பச்சை.

வண்டி புறப்பட்டுவிட்டது.

ஜெரினா: “பன்னெண்டா? ஒம்பதுன்னீயளே!”

நான்: “பின் ரேக்குல மூணு கெடந்துது.”

ஜெரினா: “நல்லாப் பாத்தீயளா?”

நான்: “தூக்கியும் பாத்தேன். வாசிச்சும் பாத்தேன்.”

சிரித்தாள். பழைய பொய்களோடு இதையும் சேர்த்துக்கொள்ளவும்.

சுவர் சிலிண்டர்களை எடுத்ததை இன்னும் பதியவில்லை. பதிந்தால் அவள் திரையில் தெரியும். வண்டியைத் திருப்பிவிடுவாள்.

நாள் 1205. பகல் 12.30

தலை வலிக்கிறது. எழுத்துகள் இரண்டிரண்டாகத் தெரிகின்றன.

அரிச்சுவடியையும் வண்டியில் வைத்தேன். பள்ளிக்கூடத்துப் பொருள். கடைசி இரண்டு பக்கம் படிக்கவில்லை.

பிற்பகல் 2.20

ஜெரினா: “வண்டி வந்துட்டு அண்ணாச்சி! பன்னெண்டும் நெறஞ்சிருக்கு. இந்தப் படம் போட்ட புத்தகம் யாருக்கு?”

நான்: “இஸ்கூலுக்கு.”

ஜெரினா: “கொரலு என்ன ஒரு மாதிரி…”

வானொலியை நிறுத்தினேன்.

பிற்பகல் 2.40

இப்போது பதியலாம்.

‘சுவர் சிலிண்டர்: நிறைந்ததா, காலியா?’

சிவப்பு.

அந்தக் கட்டம் திறந்தது. ‘காரணம் எழுதுக.’ இதற்குத்தான் மூன்று வருடம் பயந்தேன். சின்னக் கட்டம். ஒரு வரிதான் கேட்கிறது.

சுவர் 1, 2, 3. காலி. காரணம்: பிறைக்குடிக்கு அனுப்பினேன்.

மற்றவற்றையும் திருத்துகிறேன். நூற்று எழுபத்தொன்று. மெதுவாக.

ரேக் 4, இடம் 1. காலி. காரணம்: வெட்கம்.

ரேக் 4, இடம் 2. காலி. காரணம்: வெட்கம்.

ரேக் 4, இடம் 3. காலி. கார