பொட்டலத்தில் வந்த பாதி

வெள்ளி, இரவு.

கீழ்பென்னாத்தூரிலிருந்து ஒரு தாய் ஒன்றரை வயதுக் குழந்தையைத் தூக்கி வந்தாள். நேற்று வேர்க்கடலை தின்னும்போது புரையேறியதாம். இருமல் நிற்கவில்லை.

"தொக்கம் எடுக்கறவரு தொண்டையத் தடவி பாதி எடுத்துட்டாருங்க. மீதி உள்ளதான் இருக்குது, டாக்டராண்ட போன்னாரு."

காகிதப் பொட்டலத்தைப் பிரித்துக் காட்டினாள். கோணலாக உடைந்த கடலை. தொண்டையில் சிக்கியதை எடுப்பதாகச் சொல்லும் அந்த நாட்டு வைத்தியர் தன் கையிலேயே ஒளித்து வைத்திருந்திருப்பார் என்று உள்ளுக்குள் சிரித்தேன். எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. கடலை அதில் தெரியாது என்று எனக்குத் தெரியும். இருந்தும் சளி மருந்து எழுதத் தொடங்கிவிட்டேன்.

என்னவோ உறுத்த, மறுபடி ஸ்டெதாஸ்கோப் வைத்தேன். இடப்பக்கம் மூச்சு ஓடியது. வலப்பக்கம் சத்தமே இல்லை. குழந்தை என்னையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

மயக்கம் கொடுத்து, மூச்சுக்குழாய்க்குள் கருவியை விட்டுக் கடலைத் துண்டை எடுத்தேன். குழந்தை இப்போது நன்றாக மூச்சு விடுகிறது.

எடுத்த துண்டைப் பொட்டலத்தில் இருந்ததோடு சேர்த்துப் பார்த்தேன். ஒரு நாள் ஊறியது பருத்திருக்க வேண்டும். ஆனால் உடைந்த விளிம்பு, கடலைத் தோலின் கிழிசல், எல்லாம் பொருந்தின.

இரண்டும் ஒரே கடலையாக என் மேசைமேல் கிடக்கின்றன. பிரித்து வைக்கக் கை போகவில்லை.